குடியுரிமை: தேதி போடாத ரிசல்ட்

செமஸ்டர் ரிசல்ட் பத்து நாள் தள்ளிப் போனாலே நம்மூர் காலேஜ் பசங்க படும் பாடு இருக்கிறதே... காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதும் போனை நோண்டுவது, டீக்கடையிலும் நோண்டுவது. "இன்னைக்கு வந்துரும்டா" என்று எவனாவது கிளப்பி விடுவான். அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. இதே ரிசல்ட்டுக்கு நாற்பது வருஷம் காத்திருக்கச் சொன்னால்? அதுவும் பரீட்சை எழுதினது தாத்தா, ரிசல்ட் பார்க்க வேண்டியது பேரன் என்றால்?

விளையாட்டுக்குச் சொல்லும் கதையில்லை. கோவையிலிருந்து சிறுவாணி போகிற ரோட்டில் பூலுவபட்டி. பொள்ளாச்சிப் பக்கம் கோட்டூர், ஆழியாறு. மேட்டுப்பாளையத்தில் வேடர் காலனி. ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகர், அறச்சலூர். சிறுவாணிக்கும் ஆழியாறு டேமுக்கும் டூர் போகும்போது நாம் தாண்டிப் போகிற இந்த ஊர்களில் எல்லாம் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அப்போது சட்டமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குப்படி மாநிலம் முழுக்க முகாம்களில் 58,822 பேர், வெளியே போலீஸில் பதிவு செய்துகொண்டு 34,087 பேர். பெயர்ப்பலகை மாறியது நல்ல விஷயம்தான். பலகைக்குப் பின்னால் இருக்கிறவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கோத்தகிரி, கூடலூர், வால்பாறைப் பக்கம் 'சிலோன்காரங்க' என்று சொல்வார்களே, அவர்களில் பெரும்பாலானோர் அகதிகள் இல்லை. இந்தியக் குடியுரிமை வாங்கிக்கொண்டு கப்பலேறி வந்த 'தாயகம் திரும்பியோர்'. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968ல் தேயிலைத் திட்டம் ஆரம்பித்தது. அதுதான் பிறகு டான்டீ ஆனது. முகாமில் இருப்பவர்கள் 1983 கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்பி வந்தவர்கள். ஆனால் இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. மலையகத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பூர்வீகம் சேலம், திருச்சி, புதுக்கோட்டை என்று இங்கேதான். 'தாயகம் திரும்பியோர்' என்று வந்திருக்க வேண்டியவர்கள், 'அகதி' என்று வந்து சேர்ந்தார்கள். காத்திருப்பு என்றால் என்ன என்று படிக்க வேண்டுமென்றால் இவர்கள் கதையைத்தான் படிக்க வேண்டும்.

1948ல் சுதந்திரம் வாங்கிய கையோடு இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் அதில் வெளியே தள்ளப்பட்டார்கள். இங்கேயும் குடிமகன் இல்லை, அங்கேயும் இல்லை. 16 வருஷம் கழித்து, 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டார்கள். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை எடுத்துக்கொள்ளும். கூட்டிப் பாருங்கள், 1,50,000 இடிக்கும். அவர்களைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்!

பி.காம் படிக்கிறவர்களுக்கு இது பழகின சமாச்சாரம். இருப்பாய்வு டேலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தூக்கிப் போடுவோம் இல்லையா? அதே வேலைதான். என்ன, நாம் போடுவது ரூபாய், இவர்கள் போட்டது ஆட்களை. அந்த ஒன்றரை லட்சம் பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள இந்திரா காந்தியும் சிறிமாவோவும் 1974ல் மறுபடி உட்கார வேண்டியிருந்தது. 75,000 இங்கே, 75,000 அங்கே. யார் எந்தப் பக்கம் என்று அந்த ஆட்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒப்பந்தத்தை முடிக்க 15 வருஷம் என்று கெடு வைத்தார்கள். விண்ணப்பம் வாங்கணும், விசாரிக்கணும், பாஸ்போர்ட் கொடுக்கணும், பி.எஃப். பணம் செட்டில் ஆகணும், தலைமன்னாரில் கப்பல் ஏற்றி ராமேஸ்வரத்தில் இறக்கணும். கெடு நீண்டு 1981 அக்டோபரில் முடிந்தது, வேலை முடியவில்லை. 1982ல் இந்தியா, காலம் முடிந்துவிட்டதால் இனி இந்த ஒப்பந்தம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. அந்த நேரத்தில் சுமார் 86,000 பேரின் விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. இன்னும் 90,000 பேர் இந்தியக் குடியுரிமை கிடைத்தும் கப்பலேறாமல் அங்கேயே இருந்தார்கள். 1983ல் கலவரம். 1984ல் கப்பலும் நின்றுபோனது.

கவனித்தீர்களா? விண்ணப்பம் போட்டவன் தாமதம் செய்யவில்லை. ஆபீஸ் தாமதம் செய்தது. ஆனால் "நேரமாகிவிட்டது" என்று கதவைச் சாத்தியது அவன் முகத்தில்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. கப்பலில் பாஸ்போர்ட்டோடு வந்திருக்க வேண்டியவர்களில் பலர், கலவரத்துக்குப் பயந்து கிடைத்த வழியில் கிளம்பி வந்தார்கள். மண்டபத்தில் இறங்கினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்ட வேலைக்குப் போன கூலிகளை நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்து, பிறகு இலங்கைக்கு அனுப்பிய அதே மண்டபம் முகாம்! தாத்தா போன வாசலில் பேரன் திரும்பி வந்தான். மலையகத்தில் அவர்களைக் 'கள்ளத்தோணி' என்று ஏசுவார்கள். இங்கே வந்ததும், சட்டப் புத்தகத்தில் அதற்குச் சமமான ஒரு வார்த்தை தயாராகிக்கொண்டிருந்தது.

அது 2003ல் வந்தது. இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955ல் போட்டது. இந்திய வம்சாவளி ஆள், 5 வருஷம் இங்கே குடியிருந்தால் பதிவு மூலம் குடியுரிமை கேட்கலாம் என்று ஒரு பிரிவு அதில் இருந்தது. 2003 திருத்தம் அந்த 5ஐ 7 ஆக்கியது. அதுகூடப் பரவாயில்லை, இவர்கள் அதற்குள் 20 வருஷம் இருந்தாயிற்று. ஆனால் கூடவே 'சட்டவிரோதக் குடியேறி' என்று ஒரு வகையை உள்ளே நுழைத்தது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர் அந்த வகை. அவர் பதிவு மூலமும் கேட்க முடியாது, இயல்புரிமை மூலமும் கேட்க முடியாது. படகில் வந்தவனிடம் எந்தப் பாஸ்போர்ட் இருக்கும்? 50 வருஷம் இருந்தாலும் கணக்கில் பூஜ்யம்தான்.

பிறப்பு விஷயத்திலும் இதே கூத்து. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் யார் பிறந்தாலும் குடிமகன். அப்பா அம்மா யார் என்ற கேள்வியே கிடையாது. அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3லிருந்து இன்னும் இறுக்கினார்கள். ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. ஒரே முகாமில், ஒரே வரிசை வீட்டில், 1987 ஜூன் கடைசியில் பிறந்த அண்ணன் இந்தியன். மறு வருஷம் பிறந்த தம்பி இல்லை. சரி, படகில் வந்த முகாம் பெண் ஒருத்தி தொண்டாமுத்தூர்ப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்று வையுங்கள். கோவை பெரியாஸ்பத்திரியில் குழந்தை பிறக்கிறது. அப்பா கொங்கு மண்ணில் ஏழு தலைமுறை. சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால் அந்தக் குழந்தையும் பிறப்பால் இந்தியக் குடிமகன் இல்லை!

நம்மூர் ஐ.டி. ஆட்கள் அமெரிக்காவில் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் கதை எல்லாருக்கும் தெரியும். வருஷக்கணக்கில் இழுக்கிறது, பிள்ளைக்கு 21 வயது தாண்டினால் வரிசையிலிருந்து விழுந்துவிடும் என்ற பயம் வேறு. அதுவும் கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கையில் ஒரு தேதி இருக்கிறது. மாதாமாதம் புல்லட்டின் வருகிறது, வரிசை எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். குடியுரிமைக்கு விண்ணப்பித்து இன்டர்வியூ முடிந்து 120 நாளில் முடிவு சொல்லவில்லை என்றால் அங்கே நேராகக் கோர்ட்டுக்குப் போகச் சட்டமே வழி வைத்திருக்கிறது. நீண்ட காத்திருப்பு வேறு, தேதியே இல்லாத காத்திருப்பு வேறு. முதலாவதில் கல்யாணம், வீடு, வேலை எல்லாவற்றுக்கும் ஒரு திட்டம் போடலாம். இரண்டாவதில் எதற்கும் போட முடியாது.

இங்கே விண்ணப்பம் கலெக்டர் ஆபீஸில் ஆரம்பித்து, சென்னை போய், டெல்லி உள்துறை அமைச்சகத்தில் முடிய வேண்டும். நடுவில் போலீஸ் விசாரணை, உளவுத்துறை விசாரணை. படிவத்தோடு வெளிநாட்டுப் பாஸ்போர்ட் நகல் வை, தங்கும் அனுமதி நகல் வை என்று கேட்பார்கள். முதல் படியிலேயே கால் வழுக்கும்.

அதற்காக யாரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள், கோவையில் எழும்பும் அபார்ட்மெண்ட் எத்தனையோ இவர்கள் கைபட்டவை. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என்று 2021ல் உயர்த்திய பணக்கொடையை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பது கணக்குப் படிக்காதவனுக்கும் தெரியும். தணிக்கை அன்று ஆள் முகாமில் இருக்க வேண்டும், அதனால் வெளியூர் வேலைக்கும் ஒரு கயிறு கட்டியிருக்கும். பிள்ளைகளைப் படிக்க வைப்பதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. நம் காலேஜ்களில் பி.காம் வகுப்பில் பக்கத்து பெஞ்சில் இருப்பவர் முகாமிலிருந்து வருகிறார் என்பது மூன்றாம் வருஷம்வரை தெரியாமலே போகலாம்.

தெரிய வருவது பேங்க் எக்ஸாம் நோட்டிபிகேஷன் வரும்போது. ஐ.பி.பி.எஸ். அறிவிப்பில் 'நாட்டுரிமை' என்று ஒரு பத்தி இருக்கும், நாமெல்லாம் படிக்காமல் தாண்டிப் போகிற பத்தி. இந்தியக் குடிமகன், நேபாளி, பூட்டான்காரர், 1962க்கு முன் வந்த திபெத் அகதி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு இலங்கை, பர்மா முதலிய நாடுகளிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரும் எழுதலாம் என்று சொல்லும். படித்ததும் மனசு குளிரும். அடுத்த வரி: அரசு வழங்கிய தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஹ்ம்ம்... ஒரு காத்திருப்புக்குள் இன்னொரு காத்திருப்பு.

கோர்ட் கொஞ்சம் கதவைத் தட்டியிருக்கிறது. 2019 ஜூனில் மதுரைக் கிளையில், திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர் போட்ட வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், விண்ணப்பத்தைக் கலெக்டர்கள் உடனே மேலே அனுப்ப வேண்டும், மத்திய அரசு 16 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்றார். 35 வருஷமாக இந்த மண்ணில் இருப்பவர்களுக்கு முதல்தடவையாக ஒரு கெடு! அதே வருஷம் டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 கடைசிக்குள் வந்த ஆறு மதத்தாருக்கு 'சட்டவிரோதக் குடியேறி' முத்திரையை நீக்கி, காத்திருக்கும் காலத்தையும் 11லிருந்து 5 வருஷமாகக் குறைத்தது. பட்டியலில் இலங்கை இல்லை. முத்திரையை நீக்க முடியும், காலத்தைக் குறைக்க முடியும், மனசு வைத்தால் எல்லாம் முடியும் என்பது இதிலிருந்து தெரிகிறது. அரசியல் பேச ஆரம்பித்தால் பதிவு நீண்டுவிடும், விடுங்கள்.

இலங்கை பக்கமும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அவர்கள் 2003ல் ஒரு சட்டம் போட்டு மிச்சமிருந்த மலையகத் தமிழரைக் குடிமக்களாக்கினார்கள். 1964லிருந்து அங்கேயே வசிப்பவர்களுக்கு என்று இருந்ததால் தமிழ்நாட்டு முகாமில் இருந்தவர்கள் விடுபட்டார்கள், 2009ல் திருத்தி அவர்களையும் சேர்த்தார்கள். ஆனால் பவானிசாகரில் பிறந்து கோபியில் படித்துப் பெருந்துறையில் வேலை பார்க்கும் பையனுக்கு நுவரெலியாவில் என்ன வேலை?

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மேல், பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாது. நிம்மதிதான், இனி ஜெயில் பயம் இல்லை. ஆனால் அது குடியுரிமை இல்லை.

வழி கிடைத்தது என்று சொல்லக்கூடியது, 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு. பாஸ்போர்ட் கேட்டார், கிடைக்கவில்லை, மதுரைக் கிளைக்குப் போனார். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் சட்டப்படி இந்தியர்தான் என்று 2022 ஆகஸ்டில் தீர்ப்பு. 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் முதல் ஓட்டுப் போட்டபோது அவருக்கு வயது ஏறக்குறைய 38. அவர் புதிதாக எதற்கும் விண்ணப்பித்து வாங்கவில்லை, பிறந்த அன்றே குடிமகள். அதைச் சொல்ல யாருக்கோ 36 வருஷம் பிடித்தது.

கோவை, ஈரோடு முகாம்களிலும் 1983க்கும் 1987க்கும் நடுவில் இங்கே பிறந்தவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்கு வேண்டியது டெல்லியின் முடிவு இல்லை, ஒரு பிறப்புச் சான்றிதழ். எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பேரூராட்சி, எந்தப் பதிவேடு என்று தேடிப் போக வேண்டும். 1990ல் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தக் காகிதம் கையிலேயே இருக்கிறது, பத்திரமாக, பிளாஸ்டிக் கவரில். அதில் போட்டிருக்கும் வருஷம்தான் உதவாது.