வௌவால் எழுதிய கிண்ணம்

அரிசி தீர்ந்துவிட்டால் "அரிசி இல்லை" என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதில்லை, "நிறைந்திருக்கிறது" என்பார்கள். வாசற்படி இறங்கும்போது "போகிறேன்" என்பதில்லை. "போய் வருகிறேன்" என்போம். சொல்லின் ஓசையிலேயே மங்களம் இருப்பதாக நமக்கு நம்பிக்கை. இந்த விஷயத்தில் சீனர்கள் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல. அவர்கள் அதைப் பீங்கானில் சித்திரமாகவே எழுதிவிட்டார்கள்!

சென்ற சாரல் காலத்தில் குற்றாலம் போன நான், தென்காசியில் பெரியம்மா வீட்டில் தங்கினேன். அலமாரியின் பின்வரிசையில் ஒரு சீனக் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. தென்காசி, கடையநல்லூர்க்காரர்கள் பலர் அந்தக் காலத்தில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனார்கள் அல்லவா? பெரியம்மாவின் மாமனாரும் போனவர்தான். திரும்பும்போது அவர் வாங்கி வந்த கிண்ணம் அது. உள்ளே நடுவில் ஒரு சீன எழுத்து. அதைச் சுற்றி ஐந்து சிவப்பு வௌவால்கள். ஊர் திரும்பிய ஆறாம் மாதமே அவர் காலமாகிவிட்டார். "வௌவாலை வீட்டுக்குள்ள கொண்டாந்தா விளங்குமா?" என்று யாரோ சொன்னார்களாம். அந்த ஒரு சொல், ஐம்பது வருஷமாகக் கிண்ணத்தைக் கவிழ்த்தே வைத்திருந்தது.

சீன மொழியில் வௌவாலுக்கும் பாக்கியத்துக்கும் ஓசை ஒன்றுதான்: "ஃபூ". ஐந்து வௌவால் என்றால் ஐந்து பாக்கியம். நீண்ட ஆயுள், செல்வம், ஆரோக்கியம், நல்லொழுக்கத்தில் பற்று, காலம் முடிந்து அமைதியாக வரும் சாவு. நடுவில் உள்ள எழுத்துக்குத் தீர்க்காயுள் என்று பொருள். மீனுக்கும் மிச்சத்துக்கும் "யூ" என்றே ஓசை. ஆகவே மீன் எழுதிய பாத்திரம் வீட்டில் எல்லாம் மிஞ்சட்டும் என்று வாழ்த்துகிறது. வெடித்த மாதுளை, பிள்ளைச் செல்வம்.

இதையெல்லாம் சொன்னேன். பெரியம்மா கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ மாமா எங்களை வாழ்த்தித்தான் கொண்டாந்திருக்காக" என்றாள்.

சீனப் பீங்கான் நம் சீமைக்குப் புதிதல்ல. குற்றாலத்து அருவி நீர் சிற்றாறாகத் தென்காசி வழியே ஓடித் தாமிரபருணியில் கலக்கிறது. அந்த நதி கடலைச் சேரும் இடத்துக்கு அருகே இருப்பது பழையகாயல். முன்னாளில் பெரிய துறைமுகம். அங்கே சீனப் பீங்கான் துண்டுகள் சிதறிக் கிடந்ததைக் கால்டுவெல் பாதிரியார், 1881இல் வெளியான தம் திருநெல்வேலிச் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்.

உங்கள் பரணிலும் இப்படி ஒன்று இருக்கலாம். அதில் ஊறுகாயோ புளிக்குழம்போ வைக்காதீர்கள். பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். ஆனால் பழைய சாமான்காரரிடம் போடுவதற்குமுன் ஒரு தடவை நிமிர்த்திப் பாருங்கள். கடல் கடந்து போன யாரோ ஒருவர், வாயால் சொல்லத் தெரியாமல் வாங்கி வந்த ஆசீர்வாதமாக அது இருக்கலாம்.