ஒரு வாய்க்காலின் படம்

கிரனடா நகரின் அல்பைசின் மேட்டில் சான் நிக்கொலாஸ் என்றொரு முற்றம் இருக்கிறது. மாலையில் அங்கு நின்றால் எதிர்க்குன்றில் அல்ஹம்றா. அதன் பின்னே பனி மூடிய சியரா நெவாடா மலைத்தொடர். வெயில் சாயச் சாயக் கோட்டைச் சுவர்கள் சிவக்கும். செந்நிறத்தாள் என்று அரபியில் பெயர் வைத்தவர்கள் இந்த நேரத்தில்தான் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றும். அங்கு நின்ற நூறு பேரோடு நூற்றொராவது ஆளாக நானும் கெமராவைத் தூக்கினேன். நாற்பது படங்கள் எடுத்தேன்.

"வாப்பா, இந்தப் படத்தைத்தான் கீழ கடையில தபாலட்டையா விக்கிறாங்க" என்றாள் மகள். அவள் அந்நகரில் மேற்படிப்புப் படிக்கிறாள்.

நான் படப்பிடிப்பாளன் அல்லன், ஓய்வுபெற்ற ஆசிரியன். கையிலிருப்பதோ பழைய கெமரா. அல்பைசின் ஒழுங்கைகளில் முதல் நாள் எடுத்த படங்கள் எல்லாம் சாம்பல் பூத்திருந்தன. வெள்ளைச் சுவரைக் கண்டால் கெமராவின் ஒளிமானி ஏமாந்துபோகிறது. வெளிச்சம் அதிகமென்று எண்ணித் தானாகவே குறைத்துவிடுகிறது. ஒரு படி கூட்டி வைத்த பிறகே சுண்ணாம்புச் சுவர் சுண்ணாம்புச் சுவராக வந்தது.

அந்த ஒழுங்கைகளில் செங்கல் வளைவு வைத்த பழைய நீர்த்தொட்டிகள் பல இன்னும் நிற்கின்றன. ஸ்பானியர் அவற்றை 'அல்ஹீபே' என்கிறார்கள். அரபியின் 'அல்ஜுப்பு'தான் அது. சான் சல்வதோர் தேவாலயத்துக்குள் போனால் ஒரு முற்றம். ஒரு காலத்தில் அது பெரிய பள்ளிவாசலின் முற்றம். 2003 இல் திறக்கப்பட்ட புதிய பள்ளிவாசல் சான் நிக்கொலாஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே அஸர் தொழுதேன்.

மறுநாள் அல்ஹம்றா. 'வலா காலிப இல்லல்லாஹ்' என்ற வாசகம் சுவரெங்கும் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டிருக்கிறது. அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் எவருமில்லை. அதை எழுதி வைத்தவர்களின் ஆட்சி 1492 ஜனவரி 2 இல் முடிந்தது. நம்மவர் அங்கு போனால் ஒரு பெருமூச்சோடுதான் திரும்புவார்கள்; எழுதினாலும் அந்தப் பெருமூச்சைத்தான் எழுதுவார்கள். நானும் அதற்கு ஆயத்தமாகத்தான் போயிருந்தேன்.

மூன்றாம் நாள் மலைக்குப் போனோம். கிரனடாவிலிருந்து தெற்கே போகும் பாதையில் ஒரு கணவாய் வருகிறது. அதன் பெயரே 'மூரின் பெருமூச்சு'. கடைசி சுல்தான் அபூ அப்தில்லாஹ் அங்கு நின்று திரும்பிப் பார்த்து அழுதார் என்பது கதை. அவருடைய தந்தை முலை ஹஸனின் பெயரைத்தான் ஐபீரியத் தீபகற்பத்தின் அதியுயர் சிகரம் இன்றும் தாங்கி நிற்கிறது. முலாஸேன், 3,479 மீற்றர்.

அல்புஹாரா என்னும் அந்த மலைச்சரிவில் பம்பனேரா, புபியோன், கபிலேரா என மூன்று கிராமங்கள் ஒன்றன் மேல் ஒன்றாய் ஒரு பள்ளத்தாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தட்டையான கூரைகள், அவற்றின் மேல் தண்ணீர் புகாத ஒருவகைச் சாம்பல் மண். ஏப்ரல் மாதம், பனி உருகிக்கொண்டிருந்தது. ஊரெங்கும் வாய்க்கால் சத்தம். உருகும் தண்ணீரை மலையுச்சிக்குக் கிட்டவே வாய்க்கால் வெட்டித் திருப்பி, சரிவிலே ஊறவிடுகிறார்கள். மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் கோடையில் கீழே ஊற்றாக வருகிறது. முஸ்லிம்கள் காலத்து ஏற்பாடு, இன்றும் நடக்கிறது.

கபிலேராவுக்கு மேலே ஒரு முதியவர் மண்வெட்டியோடு நின்றார். மடையை அடைத்திருந்த புல்லையும் கல்லையும் வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். இது என்னவென்று மகளைக் கேட்கச் சொன்னேன். "அஸேக்கியா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மத்ரஸாவில் படித்த 'ஸாகியா' அல்லவா அது!

உங்கள் முன்னோர் இந்த ஊரவரா என்று கேட்டேன். இல்லை, வடக்கே கலீசியாவிலிருந்து குடியேற்றப்பட்டவர்கள் என்று வீட்டில் சொல்வார்கள் என்றார்.

அந்தக் குடியேற்றத்தின் கதையை மகள் முன்பே சொல்லியிருந்தாள். மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்கள் 1568 இல் இந்த மலைகளில் கிளர்ந்தெழுந்தார்கள். 1571 க்குள் கிளர்ச்சி அடக்கப்பட்டது. கிரனடா நாட்டு மொறிஸ்கோக்கள் காஸ்டீலுக்குச் சிதறடிக்கப்பட்டார்கள். 1609 தொடக்கம் ஸ்பெயினிலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். காலியான வீடுகளில் வடக்கத்தியர் குடியேற்றப்பட்டார்கள். வாய்க்கால் வேலை பழக்குவதற்கென்று ஊருக்கு இரண்டு மொறிஸ்கோக் குடும்பங்களை மட்டும் நிறுத்தி வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

அந்த இடத்தில் எனக்குக் கெமரா மறந்துபோனது.

1990 ஒக்ரோபர் 30 ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இரண்டு மணி நேரம் தரப்பட்டது. உம்மா திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். படங்கள் எதுவும் வரவில்லை. வாப்பாவின் கல்யாணப் படம், வீட்டு முற்றம், கிணற்றடி மாதுளை ஒன்றுமே இல்லை. நான் கெமரா தூக்கித் திரிவதற்குக் காரணம் இதுதான். புத்தளத்தில் பிறந்த என் பிள்ளைகளுக்கு இதுதான் நம் வீடு என்று காட்ட என்னிடம் ஒரு படமும் இருக்கவில்லை.

2002 இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தபோது முதன்முதலாக வாங்கிய கெமராவோடு போனேன். கூரை இல்லை. கதவு நிலைகள்கூட இல்லை. ஆனால் கிணறு துப்புரவாக இருந்தது. பக்கத்து வளவில் புதிதாக வந்திருந்த ஒரு அம்மா, நாங்கள் அறியாதவர், அதில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார். "வருசா வருசம் இறைச்சுத்தான் வச்சிருக்கிறம் தம்பி, குடிச்சுப் பாருங்கோ" என்று வாளியை நீட்டினார்.

நான் குடிக்கவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரை எனக்கே தருகிறாரா என்ற ஆத்திரம் தொண்டையை அடைத்தது. ஒரு படமும் எடுக்காமல் திரும்பிவிட்டேன்.

கலீசியாக்காரரின் பேரன் யாரோ வெட்டிய வாய்க்காலை, அவர்கள் விட்டுச்சென்ற சொல்லாலேயே அழைத்து, மண்ணெடுத்து வைத்திருக்கிறார். இதனால் துரத்தப்பட்டவர்களுக்கு நீதி கிடைத்துவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். ஒரு குடும்பமும் திரும்பி வரவில்லை என்பதுபோல்தான் அந்த மலை நிற்கிறது. ஆனால் அவரும் கைவிட்டிருந்தால் அந்தச் சொல்லும் தண்ணீரும் சேர்ந்தே தூர்ந்திருக்கும். கிரனடாவில் நான் தேடிப் போனது அரண்மனையில் இருக்கவில்லை. இந்த மண்வெட்டியின் கீழ் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் குனிந்து கையால் அள்ளிக் குடித்தார். எங்களையும் குடிக்கச் சொன்னார். பல் கூசும் குளிர். குடித்தேன்.

பிறகுதான் படம் எடுத்தேன். அரை வினாடி திறந்து வைத்ததில் தண்ணீர் வெண்பட்டாய் நீண்டுவிட்டது. அவருடைய கைகள் கலங்கிப் போயின. எந்தப் போட்டியிலும் தேறாத படம். புத்தளம் வீட்டுச் சுவரில் அதைத்தான் மாட்டியிருக்கிறேன். சான் நிக்கொலாஸின் நாற்பதும் கணினியில் கிடக்கின்றன.

வருகிற மாதம் யாழ்ப்பாணம் போகவிருக்கிறேன். அந்த அம்மா இருக்கிறாரோ தெரியாது. இருந்தால் முதலில் தண்ணீர் கேட்கவேண்டும்.