ஒரு விரல் சுண்ணாம்பு

கருப்பட்டிக் காப்பி எனக்குப் பிடிக்கும். அதனால்தானோ என்னவோ, கொட்டாம்பட்டி வழியாகத் திருச்சிக்குப் போகும்போதெல்லாம் கண் பனைகளைத் தேடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், காய்ச்சினால் கருப்பட்டி. தடவாவிட்டால் அதுவே புளித்துக் கள்ளாகிவிடும். மதுவிலக்குச் சட்டம் முழுவதும் ஒரு விரல் சுண்ணாம்பில் அடங்கிவிடுகிறது, பாருங்கள்!

சீமையிலும் இந்தச் சர்க்கரை வழக்கு உண்டு. அங்கே பார்லியை முளைகட்டி உலர்த்திய மால்ட்டுக்கு வரி. வரிப்பணம் குறைந்துவிடுமே என்று, பீர் காய்ச்சுகிறவர்கள் சர்க்கரை சேர்ப்பதைச் சர்க்கார் தடுத்து வைத்திருந்தது. 1847-ல்தான் அனுமதித்தது. 1880-ல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்துவிட்டு, பீருக்கே வரி போட்டார். உடனே அரிசி, மக்காச்சோளம், அமிலம் விட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு எல்லாம் கொப்பரைக்குள் புகுந்தன. பார்லி விவசாயிகளுக்குப் பொறுக்கவில்லை. "மால்ட்டில் காய்ச்சியதே அசல் பீர்" என்று பார்லிமெண்டு வரை போனார்கள்.

அவர்களுக்குக் குரல் இருந்தது, போனார்கள். இங்கே 1886-ல் ஆப்காரிச் சட்டம் வந்தது. 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. நல்லதோ கெட்டதோ, எந்தச் சட்டம் வந்தாலும் நெஞ்சு காய்த்துப்போக மரமேறுகிற மனிதனை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அவன் கலயத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு ஏறினான். இன்று அவன் பிள்ளை ஏற மறுக்கிறான். அவனைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை.