எட்டாத போல்ட்

தாராவியின் 90 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. பிரிமியர் பத்மினி ஒன்றின் அடியில் 18 வயதுப் பையன் மல்லாந்து கிடக்கிறான். வலது கை முழங்கை வரை கியர்பாக்ஸுக்கு மேலே நுழைந்திருக்கிறது. கண்ணுக்கு அங்கே வேலையில்லை. விரல்தான் பார்க்க வேண்டும்.

"மாமா, போல்ட் தலை தட்டுப்படுது. ஸ்பேனர் சுத்த எடமில்ல."

முக்காலியில் உட்கார்ந்திருக்கும் மாமாவுக்கு வயது 65. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சிறுவனாக வந்து, டாக்சிகளுக்கு அடியிலேயே வாலிபத்தைக் கழித்தவர். டீயை உறிஞ்சிவிட்டுச் சொல்கிறார்: "எடம் இல்லேன்னா எடம் பண்ணணும்ல. கைய வெளிய எடு."

வண்டி செம்பூரில் வசிக்கும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவருடையது. மாட்டுங்காவில் இருந்த காலத்தில் அவருடைய அப்பா வாங்கியது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, செம்பூரில் இந்த வண்டி இருக்கை மட்டம் வரை மூழ்கியது. கழுவித் துடைத்துக் கொஞ்ச காலம் ஓட்டினார். பிறகு உறை போட்டு மூடினார். சமீபத்தில் உறையை எடுத்தபோது என்ஜின் கிளம்பியது, கியர்தான் விழவில்லை. கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிரியாது. பிரிக்க வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். அதை என்ஜினோடு பிணைத்திருக்கும் போல்ட்களில் கீழே இருப்பவை சாது. மேலே, என்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரை ஒட்டி ஒளிந்திருப்பவைதான் வம்பு.

"காஸ் வச்சு அறுத்துடுங்களேன், அண்ணாச்சி" என்று போனில் அவசரப்படுகிறார் செம்பூர்க்காரர்.

"அறுத்தா இன்னிக்கே முடிஞ்சிரும் சார். கூட்டுல ஒரு கீறல் விழுந்தா, வேற கூடு எங்க போய்த் தேட?"

இதே மனிதர் ஒரு காலத்தில் அறுத்தவர்தான். அதை அவர் மறைப்பதும் இல்லை. அன்று டாக்சி காலையில் படுத்தால் மாலை ஷிஃப்டுக்கு எழுந்தாக வேண்டும். ஒரு நாள் நின்றால் டிரைவர் வீட்டில் அடுப்பு எரியாது. உளியை வைத்து ஒரே போடு. உடைந்தால் என்ன? வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ், ஃபியட் 1100 வண்டிகளைக் கூப்பிடு தூரத்தில், குர்லாவில்தான் செய்துகொண்டிருந்தது. 1974 முதல் அதற்குப் பெயர் பத்மினி. எந்தப் பாகமும் ஒரு சைக்கிள் மிதியில் வந்துவிடும். வேகம்தான் அன்றைய வித்தை.

பிறகு உற்பத்தி நின்றது. கடைசி பத்மினி டாக்சி தார்தேவ் அலுவலகத்தில் 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. டாக்சிக்கு 20 வயதுதான் வரம்பு என்பதால் 2023 அக்டோபர் 30 முதல் மும்பைச் சாலையில் பத்மினி டாக்சி கிடையாது. இன்று இவரிடம் வருபவை ஆசைக்காக வைத்திருக்கும் வண்டிகள். பாகம் அரிதாகிவிட்டதால், உடைக்காமல் கழற்றுவதே வித்தையாகிவிட்டது. உளி பிடித்த கை இதை 50 வயதுக்கு மேல் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

இடம் பண்ணும் விதம் எளிது, யோசனைதான் பெரிது. முதலில் பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றுகிறான் பையன். கியர்பாக்ஸின் வாலுக்கு ஜாக்கி கொடுத்து, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை எடுக்கிறான். ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றியாயிற்றா என்று மாமா இரண்டு தடவை கேட்கிறார். மறந்தால் ஹோஸ் கிழியும். பிறகு ஜாக்கியை அங்குலம் அங்குலமாக இறக்க, என்ஜின் மூக்கைத் தூக்கிப் பின்பக்கம் சாய்கிறது. தகரச் சுவருக்கும் போல்ட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. இப்போது வாலின் பக்கமிருந்து ஒரு நீளக் கம்பி, அதன் நுனியில் எந்தப் பக்கமும் மடங்கும் ஜாயிண்ட், அதில் ஒரு சாக்கெட். போல்ட் பிடிபட்டது.

பிடிபட்டதே தவிர அசையவில்லை. 'மரை கழன்றவன்' என்று ஊரில் திட்டுவார்கள். கழலாத மரையோடு மல்லுக்கட்டுகிறவனுக்குத் தமிழில் பெயரில்லை. துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊறப்போட்டார்கள். மறுநாளும் அசையவில்லை. மறுபடி எண்ணெய், போல்ட் தலையில் சின்னச் சுத்தியலால் தட்டல். அந்த இரண்டு நாளும் பையனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நவி மும்பையில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை இருக்கிறதாம். மாதச் சம்பளம், சீருடை, ஞாயிறு விடுமுறை.

மூன்றாம் நாள் காலை மாமா முக்காலியை விட்டு இறங்கி வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"மொதல்ல இறுக்கு."

"கழட்டத்தான மாமா வேணும்?"

"ஒரு நூல் இறுக்குல. துருவோட பிடி விடும். பெறவு கழட்டு. அரைச் சுத்து வந்தா கால் சுத்து திரும்ப இறுக்கு. துருப்பொடி மரைக்குள்ள மாட்டுனா மறுபடி பிடிச்சுக்கிடும்."

இன்னொன்றையும் சொன்னார். துரு விடும்போது 'டக்' என்று சத்தம் வரும். முறியப் போகும் போல்ட் பெரும்பாலும் சத்தம் போடாது. கைக்கு மெத்தென்று ஆகும், ரப்பரை முறுக்குவதுபோல. அப்படித் தோன்றினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். இதைச் சொல்லித் தரலாம். உணர்வது அவரவர் மணிக்கட்டு.

பையன் மூச்சைப் பிடித்தான். சந்தில் யாரோ ஹாரன் அடித்தார்கள். மாமா கையை உயர்த்தி அதட்டினார்.

'டக்.'

கால் மணி நேரம் கழித்து, அட்டையில் போட்டிருந்த துளைகளில் காலியாக இருந்ததில் அந்த போல்ட்டைச் செருகினான் பையன். எது எங்கிருந்து வந்தது என்று குழம்பாமலிருக்க அட்டை. மதியத்துக்குள் கியர்பாக்ஸ், தன் ஷாஃப்டின்மேல் தொங்கிவிடாமல், நேராகப் பின்னுக்கு வந்து ஜாக்கியோடு இறங்கியது. கூட்டில் ஒரு கீறல் இல்லை.

செம்பூருக்குப் போன் போனது. அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம். கடைசியில் ஒரு கேள்வி: "கூலி அன்னிக்குப் பேசினதுதானே, அண்ணாச்சி?"

கிளட்ச் வேலைக்குப் பேசியது ஒரு நாள் கூலி.

"அதேதான் சார்" என்றார். பையன் கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டு மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.