ஸ்பேர் கிடைக்குமா?

அப்பா எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதுக்கு ஸ்பேர் கிடைக்குமா?" கிரைண்டர், சீலிங் ஃபேன், சைக்கிள், எதுவாக இருந்தாலும் சரி. விலையெல்லாம் அப்புறம். பக்கத்தில் நிற்கும் எனக்குக் கூச்சமாக இருக்கும். புதுச் சாமானைக் கையில் வைத்துக்கொண்டு அது கெட்டுப்போகும் நாளைப் பற்றிப் பேசுகிறாரே என்று தோன்றும். அந்தக் கேள்வியின் அருமை எனக்கு உறைக்க, உள்ளங்கை அகலத்தில் ஒரு கணினி தேவைப்பட்டது.

2014 கடைசி. வேலைக்குச் சேர்ந்த புதிது. ராஸ்பெரி பை வாங்குவது என்று முடிவுசெய்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் வெளிவந்த போர்டு அது. கீபோர்டையும் டிவியையும் மாட்டினால் லினக்ஸ் ஓடும். ஆனால் அதிலிருந்த ஆர்ம் ப்ராசசர் வந்தபோதே பழையது: ஒரே கோர், 700 மெகாஹெர்ட்ஸ். டெபியனின் புதிய ஆர்ம் பதிப்பு அதில் ஓடாது என்பதால், டெபியனை அதற்கென்றே மறுபடி கம்பைல் செய்து ராஸ்பியன் என்று தனியாக வெளியிட வேண்டியிருந்தது.

கடைக்காரர் இன்னொரு டப்பாவை எடுத்து வைத்தார். "தம்பி, அதே காசுதான். நாலு கோர், ராம் டபுள். பசங்க இப்ப இதத்தான் கேக்கறாங்க."

"நல்லா ஓடுமா அண்ணே?"

"ஓடுச்சுன்னா சந்தோஷம். ஓடலன்னா திரும்பக் கொண்டு வராதீங்க."

சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன். நான்கு என்பது ஒன்றைவிடப் பெரியது. இன்ஜினியரிங் படித்தவனுக்கு இது தெரியாதா?

ஓடியது, அதுவும் ஜோராக. வீட்டுப் புகைப்படங்களுக்கு பேக்கப், பாட்டுகளுக்கு ஒரு சர்வர், வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வழி. போர்டைச் செய்த நிறுவனம் ஒரு லினக்ஸ் இமேஜ் தந்திருந்தது. கெர்னல் 3.10. கெர்னலின் நம்பரை யார் பார்க்கிறார்கள்?

2016 அக்டோபரில் பார்க்க வேண்டிவந்தது. 'டர்ட்டி கவ்' என்ற ஓட்டை வெளியே வந்த மாதம். சாதாரண யூசர் ஒருவர் ரூட் ஆகிவிடக்கூடிய பிழை அது. 2007 முதல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. என் லேப்டாப்புக்கு உடனே அப்டேட் வந்தது. போர்டுக்கு வரவில்லை. ஒரு மாதம் காத்திருந்தேன். நிறுவனத்தின் தளத்தில் அடுத்த மாடல் மின்னிக்கொண்டிருந்தது: எட்டு கோர். என்னுடையதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஹார்டுவேரில் ஒரு பழுதும் கிடையாது. எல்.ஈ.டி. எரிகிறது, பாட்டு பாடுகிறது. ஆனால் ஸ்பேர் கிடைக்காத பொருளாகிவிட்டது. ஒயரைப் பிடுங்கி இழுப்பறைக்குள் போட்டேன்.

லேப்டாப்புக்குக் கிடைத்தது இதற்கு ஏன் கிடைக்கவில்லை என்று அப்போதுதான் தேடிப் படித்தேன். வழக்கமான பி.சி.யில், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்ல பயாஸ் இருக்கிறது. கார்டுகளும் கேட்டால் தாமே பெயர் சொல்லும். அதனால் ஒரே டெபியன் பென் டிரைவை எந்த பி.சி.யில் செருகினாலும் ஏறக்குறைய ஓடிவிடும். சின்ன ஆர்ம் போர்டுகளில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை. ஆர்ம் நிறுவனம் டிசைனுக்கு லைசென்ஸ் கொடுக்கிறது. சிப் செய்கிறவர்கள் ப்ராசசரைச் சுற்றி அவரவர் இஷ்டத்துக்கு மற்றவற்றைச் சேர்க்கிறார்கள். எந்த அட்ரஸில் எது இருக்கிறது, எந்தப் பின்னில் எந்த விளக்கு என்பதை யாராவது உட்கார்ந்து கெர்னலுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

முன்பு அதை ஒவ்வொரு போர்டுக்கும் தனித்தனி 'சி' கோடாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள். 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தக் குப்பையைப் பார்த்து எல்லோரும் அறியக் கோபப்பட்டார். அதன் பிறகு ஆர்ம் உலகம் 'டிவைஸ் ட்ரீ' பக்கம் வேகமாக நகர்ந்தது. போர்டின் வரைபடத்தை விவரிக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் அது. அது டோர்வால்ட்ஸ் வெளியிடும் மெயின்லைன் கெர்னலுக்குள் சேர்ந்துவிட்டால், அடுத்தடுத்த பதிப்புகளோடு உங்கள் போர்டும் வந்துகொண்டே இருக்கும். சேராவிட்டால், நிறுவனம் என்றோ ஒருநாள் எடுத்த நகலில் ஒட்டுப்போட்டு ஓட்டியதுதான் கடைசி. கல்யாண மண்டப ஜோடனை மாதிரி: முகூர்த்தத்துக்குப் பிரமாதமாக இருக்கும், மறுநாள் காலையில் பிரித்துவிடுவார்கள்.

இதை எழுதும்போது நான் ஒன்றும் புண்பட்ட வாடிக்கையாளர் மட்டுமல்ல. 2019இல் என் அலுவலகத்தில் ஒரு பழைய சாஃப்ட்வேருக்கு ஆதரவை நிறுத்தினோம். வாடிக்கையாளர்களுக்குப் போன மெயிலை எழுதியது நான். 'புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறோம்.' நல்ல வாக்கியம் என்று மேனேஜர் பாராட்டினார். ஒரே ஒருவர் பதில் போட்டிருந்தார்: புதிய பதிப்பு எங்கள் மெஷினில் ஏறாது, நாங்கள் என்ன செய்வது? அதற்கும் ஒரு நல்ல வாக்கியம் எழுதி டிக்கெட்டை மூடினேன். அன்று ராத்திரி எதையோ தேடி இழுப்பறையைத் திறந்தபோது போர்டு கண்ணில் பட்டது. அதற்குப் பின்னால் யாரோ ஒரு நிறுவனம் இருந்தது என்றே நினைத்திருந்தேன். என்னைப் போல ஒருத்தன் இருந்திருப்பான்.

2021இல், வீட்டிலேயே அடைந்து கிடந்த நாட்களில், சும்மா மெயின்லைன் கெர்னலின் டிவைஸ் ட்ரீ ஃபைல்களைத் துழாவினேன். என் போர்டின் பெயரில் ஒரு ஃபைல் இருந்தது. நிறுவனம் எழுதியதல்ல. யாரோ ஒருவர், தன் சொந்த மின்னஞ்சலோடு, மூன்று ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருந்தார்: முதலில் சீரியல், பிறகு கார்டு, பிறகு ஈதர்நெட். டெபியன் 11ஐ ஏற்றினேன். சீரியல் ஒயரில் கெர்னல் 5.10 என்று ஓடியபோது, ஐந்து வருடம் கோமாவில் கிடந்தவர் எழுந்து காபி கேட்டது போல இருந்தது. டிவியில் படம் வரவில்லை. பரவாயில்லை, சர்வருக்குப் படம் எதற்கு?

ஆகவே, "கம்மி விலையில ஏதாவது ஆர்ம் போர்டு சொல்லு, லினக்ஸ் போட்டு விளையாடணும்" என்று நண்பர்கள் கேட்டால் நான் ராமில் ஆரம்பிப்பதில்லை. மெயின்லைனில் இருக்கிறதா, டெபியனோ ஆர்ம்பியனோ இன்றைக்கும் இமேஜ் தருகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன். இல்லையென்றால் எட்டு கோரும் வீண். ஆல்வின்னர் சிப் என்றால் லினக்ஸ்-சன்சி தன்னார்வலர்கள் பல வருடங்களாக எழுதி வைத்திருக்கும் பக்கங்களில் நிலவரம் தெரியும். ராஸ்பெரி பை எப்போதும் மலிவல்ல. 2021க்குப் பிறகு இரண்டு வருடம் கடையில் கண்ணிலேயே படவில்லை. ஆனால் 2023இல் வந்த அதன் 32 பிட் ஓ.எஸ். 2012இன் முதல் மாடலிலும் ஓடுகிறது. விலையில் ஒரு பகுதி அதற்குத்தான். ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ் ஆசை காட்டும். ஒரே பெயரில் இரண்டு வாங்கினால் உள்ளே இரண்டு விதமான போர்டு இருக்கலாம். ஆர்ம்தான் வேண்டும் என்றில்லாவிட்டால், செகண்ட் ஹேண்ட் இன்டெல் தின் கிளையன்ட் தலைவலி இல்லாதது.

அடுத்தது, சீரியல் பின்கள் வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். பூட் ஆகாத போர்டு பேசுவது அதன் வழியாகத்தான். 3.3 வோல்ட் அடாப்டர் வேண்டும். ராக்சிப் என்றால் வேகத்தைப் பெரும்பாலும் 1500000 என்று வைக்க வேண்டும். பழக்கதோஷத்தில் 115200 வைத்தால் குப்பைதான் தெரியும், போர்டு போய்விட்டது என்று பயந்துவிடுவீர்கள்.

கடைசியாக கரண்ட். யானையை மலிவாக வாங்கிய குஷியில் அங்குசத்தையும் மலிவாகத் தேடுவோம். பழைய மொபைல் சார்ஜரும் நோஞ்சான் ஒயரும் ஐந்து வோல்ட்டைப் போர்டுவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் குறி காட்டும்; எல்லாப் போர்டுகளும் அவ்வளவு மரியாதை தெரிந்தவை அல்ல, சத்தமில்லாமல் எஸ்.டி. கார்டைக் கெடுக்கும்.

அந்தப் போர்டில் ஒரு சின்னப் பிழை இருந்தது. அணைய வேண்டிய நேரத்தில் பச்சை விளக்கு எரியும். டிவைஸ் ட்ரீயில் அந்தப் பின் தலைகீழாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு வார்த்தை மாற்றம். பேட்ச் அனுப்பினேன். விளக்கக் குறிப்பு சரியில்லை என்று திருப்பினார்கள். இரண்டாவதும் திரும்பியது. மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டார்கள். ஆபீஸில் ஆயிரக்கணக்கான வரிகள் எழுதியிருக்கிறேன். அதற்கெல்லாம் நான் ராத்திரி தூங்காமல் மெயில் பார்த்ததில்லை.

போன பொங்கலுக்கு வந்திருந்த அப்பா அலமாரி மேல் அது எரிவதைப் பார்த்தார். "ராத்திரி பூரா ஓடுதே, கரண்ட் எவ்வளவு இழுக்கும்?"

"மூணு வாட்ப்பா. வருஷத்துக்கே இருபத்தாறு யூனிட்தான்."

கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு ஸ்பேர் கிடைக்குமா?"

விளக்க ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகும். "கிடைக்கும்ப்பா" என்று மட்டும் சொன்னேன்.