திருகாணி நான்கு

மும்பை மாட்டுங்காவில், ரயில்வே குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு நாம் குடிவந்த புதிதில், துணி உலர்த்த வெளிமுகப்பில் ஓர் இரும்புக் கம்பி வேண்டுமென்றாள் இல்லாள். கம்பியை நன்கு ஆராய்ந்தே வாங்கினோம். அதைச் சுவரில் பிணைக்கும் திருகாணி நான்கை மட்டும், கடைக்காரர் காகிதத்தில் மடித்துத் தந்தபடியே பெற்றுக்கொண்டோம். மஞ்சள் மினுமினுப்புடன் அவை அழகாகவே இருந்தன.

மும்பை மழை ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் வரை நீடிப்பது. மழையுடன் கடற்காற்றின் உப்பும் சேரும். மூன்றாவது மழைக்காலத்தில், ஒரு ஞாயிறு பிற்பகல், ஈரப் போர்வையின் பாரம் தாங்காமல் கம்பி பெயர்ந்து கீழே விழுந்தது. அங்கே கீழ்வீட்டு மராத்திய அம்மையாரின் பேரன் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். குழந்தைக்கும் கம்பிக்கும் இடையே இருந்தது ஒரு முழந்தான்.

அம்மையார் ஏசவில்லை. அக்கம்பியை மூன்று மாடி தூக்கி வந்து, நம் வாயிலில் சார்த்திவிட்டுப் பேசாமல் திரும்பினார். வசவாயின் தாங்கியிருப்போம்.

மறுநாள் அலுவலகத்தில், கீமேன் வேலை பார்க்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் இதைச் சொன்னோம். முறிந்த திருகாணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "மினுக்கு தலையிலே, துரு கழுத்திலே. தம்பி, தண்டவாளம் பெரிசுதான். ஆனா நான் தினமும் நடக்கிறது கிளிப்பையும் போல்ட்டையும் பார்க்கத்தான்" என்றார். அன்று மாலையே நம்முடன் கடைக்கும் வந்தார்.

அவரிடம் கற்றதை அன்பர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். மினுமினுக்கும் திருகாணியின்மேல் இருப்பது மெல்லிய துத்தநாகப் பூச்சு. வீட்டிற்குள் படம் மாட்ட அது போதும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது மங்கிய சாம்பல் நிறமாயிருக்கும். அதன் பூச்சு தடிப்பானதாகையால் வெளியிடத்திற்கு ஏற்றது. உப்புக்காற்றுப் படுமிடத்திலோ துருப்பிடிக்கா எஃகே வேண்டும். அதில் 304 என்னும் வகையில் குரோமியம் சுமார் 18 சதவீதமும் நிக்கல் சுமார் 8 சதவீதமும் உண்டு. 316 என்பதில் மாலிப்டினமும் சுமார் 2 சதவீதம் சேர்வதால், உப்பை அது இன்னும் நன்றாகத் தாங்கும். சுவர்த் துளையில் மரச்சக்கை வைத்தால் ஈரத்தில் உளுத்துவிடும். துளைக்குச் சரியான அளவில் நைலான் பிளக்கே உகந்தது.

பூந்தொட்டியையும் தட்டியையும் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளில் வெள்ளை நிறத்தவை வெயிலில் நொறுங்கிப்போகும். கரித்தூள் கலந்த கறுப்பு நிறத்தவை நெடுநாள் உழைக்கும். துணிக் கவ்விகளிலும் நாம் பார்க்க வேண்டியது நிறத்தையன்று. உள்ளிருக்கும் கம்பிச்சுருள் துருப்பிடிக்காததா என்பதையே.

316 வகைத் திருகாணி நான்கு வாங்கிக் கம்பியை மீண்டும் பொருத்தினோம். இப்போதெல்லாம் மழைக்கு முன் மே மாதத்திலும், மழை ஓய்ந்து அக்டோபரிலும், திருப்புளியுடன் முகப்பில் நின்று ஒவ்வொன்றையும் சோதிக்கிறோம்.

ஆயினும் ஒரு மாதம் வரையில் அம்மையார் பேரனை அப்பக்கம் விடவேயில்லை. பின்னர் ஒரு நாள், நாம் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்ததைக் கீழிருந்து சற்றுநேரம் பார்த்தார். மறுநாள் மாலை சுவரில் பந்து மோதும் ஓசை கேட்டது. சொந்தபந்தங்களைத் தொலைவில் விட்டு வந்த நமக்கு அண்டை வீட்டாரே சுற்றம். அவர்கள் தலைக்கு மேல் நாம் தொங்கவிடும் எதற்கும் நாமே பொறுப்பு.