உஸ்தாதுக்கு ஓர் இல்லம் தேடி

நீண்ட ஆயுளை வேண்டி நாம் அனைவரும் துஆச் செய்கிறோம். ஆயினும் அந்த ஆயுளின் ஒரு பகுதியிலிருந்து அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இறைவனிடம் காவல் தேடியிருக்கிறார்கள் என்பதை நினைவிற் கொள்வோர் சிலரே. எல்லாம் அறிந்திருந்த மனிதர் ஒன்றும் அறியாதவராய் மீளும் அந்தக் கடைசிப் பருவத்தைத் திருமறை 'அர்தலுல் உமுர்' எனக் குறிக்கிறது. அந்நஹ்ல், அல்ஹஜ் ஆகிய இரு அத்தியாயங்களிலும் இச்சொல் வருகிறது. இதற்கு விளக்கம் ஓதிக் கொடுத்து, எங்களைத் திருப்பிச் சொல்ல வைத்த உஸ்தாது அவர்களே அப்பருவத்தை அடைந்ததை நாம் நம் கண்ணால் காண நேர்ந்தது.

ஆஜுரூமிய்யா முதல் ஜலாலைன் வரை நாம் ஓதியது அவர்களிடம். சீறாப்புராணத்தை முறையாகப் பாடம் கேட்டதும் அவர்களிடமே. எண்பது வயது வரை அவர்களுடைய நினைவாற்றலுக்கு எங்கள் கடற்கரை ஊரில் இணையில்லை. பின்னர் சிறுகச் சிறுகத் தேய்வு தொடங்கியது. சொன்னதையே சொன்னார்கள், கேட்டதையே கேட்டார்கள். இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துவிட்டு மீண்டும் எழுந்து நின்றார்கள். 'முதுமைதானே' என்று நாமும் ஊராரும் ஆறுதல் கொண்டோம். ஒருநாள் தலாக் பற்றி மஸ்அலா கேட்க வந்த ஒருவருக்கு அவர்கள் அளித்த விடை, ஒரு குடும்பத்தையே பிரித்துவிடும் நிலைக்குக் கொண்டு சென்றது. நாம் ஓடிச் சென்று திருத்தியிராவிடில் என்ன ஆகியிருக்குமோ, அல்லாஹ்வே அறிவான்.

அன்றிரவு நமக்கு ஹதீஸ் கலையின் ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. முதுமையில் நினைவு குழம்பிய அறிவிப்பாளரை 'முக்தலித்' என்பர். நம்பத்தக்கவராக இருந்து இறுதிக் காலத்தில் குழம்பியவர்களுக்கென்றே இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தம் நூலில் தனிப் பகுதி ஒதுக்கியுள்ளார்கள். குழப்பத்துக்கு முன் அவர்களிடம் கேட்டவற்றை அறிஞர்கள் தள்ளவில்லை. பின் கேட்டவற்றை ஏற்கவுமில்லை. பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 170-இல் மறைந்த ஜரீர் இப்னு ஹாஸிம் என்ற பெரியார் குழம்பத் தொடங்கியபோது, ஹதீஸ் கலை கற்ற அவருடைய மைந்தர்கள் அதனை உணர்ந்து, எவரும் அவரிடம் எதுவும் கேளாதவாறு அவரைத் திரையிட்டுக் காத்தார்களாம். அதனால் குழம்பிய நிலையில் அவரிடமிருந்து யாரும் எதையும் செவியுறவில்லை. தந்தையின் இழப்பை ஊர் காணாது மறைத்து, அவருடைய கண்ணியத்தைக் காத்த மக்கள்! மறுநாள் முதல் உஸ்தாதின் வாயிற்படியில் நாமே அமர்ந்தோம். மஸ்அலா கேட்க வந்தோரை எல்லாம் நம்மிடம் திருப்பிக்கொண்டோம்.

ஆனால் வாயிற்படியில் இரவு பகலாக யார் அமர்வது? மகன் குவைத்தில் இருந்தார். கணவரை இழந்த மகள்தான் உடனிருந்து பார்த்தார். ஓரிரவு இரண்டு மணிக்கு, ஃபஜ்ருக்கு நேரமாகிவிட்டது என்றெண்ணி உஸ்தாது கதவைத் திறந்து வெளியேறினார்கள். காலில் சிப்பி கிழித்த புண்ணோடு கடலோரத்தில் நின்றவர்களை மீனவர் இருவர் கண்டு கைத்தாங்கலாக அழைத்து வந்தனர். மறுநாள் அந்தச் சகோதரி நம்மிடம், "காக்கா, வாப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்ட என் இடுப்பில் வலுவில்லை. இராத்திரி கண்ணயர்ந்தால் அவர்கள் கடலுக்குப் போய்விடுவார்களோ என்று பயமாயிருக்கிறது. ஆனால் வெளியில் கொண்டுபோய் விட்டால், வாப்பாவைத் தள்ளிவிட்டாள் என்று ஊர் பேசுமே" என்று அழுதார். நமக்கு விடை வரவில்லை.

ஊர் பேசத்தான் செய்தது. 'நம் சமுதாயத்தில் முதியோர் இல்லமா?' என்று ஜமாஅத்தில் ஒருவர் முகம் சுளித்தார். பெற்றோரிடம் சலிப்பின் சிற்றொலியையும் காட்டலாகாது என்ற மறைவாக்கை மற்றொருவர் நினைவூட்டினார். உண்மைதான். ஆயினும் இரவெல்லாம் விழித்துச் சோர்ந்த ஒருத்தியின் வாயிலிருந்து அச்சிற்றொலி வராமல் காப்பதற்கு அவர்களில் எவரேனும் ஓரிரவு வந்து படுத்தார்களா? நாமும் பகலில்தானே அமர்ந்தோம்? 2023-இல் வெளியான ஆய்வொன்றின்படி, நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏழுக்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயால் பாதிக்கப்பட்டுள்ளனர். முற்றத்தில் பத்துப் பெண்கள் இருந்த வீடுகள் இன்றில்லை. பெற்றோரைப் பராமரிப்பது மக்களின் கடமையென 2007-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. தூங்காத கண்களுக்குச் சட்டம் தூக்கத்தைத் தருமா?

நோயுற்றோரை வேறோர் இல்லத்தில் வைத்துப் பேணுவது இஸ்லாமிய நாகரிகத்துக்குப் புதிதுமன்று. டமாஸ்கஸில் நூருத்தீன் மன்னர் 1154-இலும், கெய்ரோவில் ஸுல்தான் கலாவூன் 1284-இலும் அமைத்த பீமாரிஸ்தான்கள் வக்ஃபுச் சொத்தில் நடந்தவை. அலெப்போ நகரில் 1354-இல் எழுந்த பீமாரிஸ்தானில் மனநோயாளர் தங்கும் முற்றங்களில் நீரூற்று அமைத்திருந்தனர். ஆகவே இல்லத்தில் விடுவது இழுக்கன்று. எந்த இல்லம் என்று ஆராயாமல் விடுவதே இழுக்கு. ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில், அடைக்கலப் பொருளைப் பெற்றவர் உரிய காரணமின்றி அதைப் பிறரிடம் ஒப்படைத்தால் அவரே பொறுப்பாளி ஆவார். காரணம் இருந்து, உரியவரிடமோ காஜியிடமோ சேர்க்க இயலாதபோதும், நம்பகமானவரிடமே ஒப்படைக்க வேண்டும். பொற்காசுக்கே இந்நிபந்தனை எனில் ஆசானுக்கு எத்துணை வேண்டும்! குவைத்திலிருந்த மகனும், "காக்கா, நீங்கள் பார்த்துச் சொன்னால் போதும்" என்றார். அதனால் நாமே பார்க்கப் புறப்பட்டோம்.

முதலில் கண்டது நகருக்கு வெளியே இருந்த ஒரு பெரிய இல்லம். பளிங்குத் தரை, மீன்தொட்டி, குளிரூட்டிய அலுவலக அறை, வண்ணத்தில் அச்சிட்ட அறிமுகத் தாள். கிப்லாத் திசை காட்டும் அம்புக்குறியோடு தொழுகை அறையும் இருந்தது. நாம் மகிழ்ந்தோம். ஆனால் அங்கிருந்த விரிப்பின் மடிப்புகள் கடையிலிருந்து வந்தபடியே கலையாதிருந்தன. இரவில் எத்தனை பேர் விழித்திருப்பர் எனக் கேட்டோம். மேலாளர் எத்தனை கேமராக்கள் உள்ளன என்று விடை சொன்னார். முற்பகல் பதினொரு மணிக்குக் கூடத்தில் இருபது முதியோர் தொலைக்காட்சிக்கு எதிரே அமர்ந்தபடி உறங்கிக் கொண்டிருந்தனர். ஒருவர் நாற்காலியோடு துண்டினால் கட்டப்பட்டிருந்தார். விழுந்துவிடாமல் இருக்க என்றனர்.

அத்தனை பேரும் அந்நேரத்தில் உறங்குவானேன்? மூளைக் கலக்கத்தை அடக்கத் தரும் சில மருந்துகள் மறதிநோயுற்ற முதியோரின் இறப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்துள்ளதை, நம்மிடம் ஓதிப் பின் மருத்துவம் படித்த மாணவர் ஒருவர் முன்னரே சொல்லியிருந்தார். தவிர்க்க முடியாதபோது மருத்துவர் கணக்காய்த் தரலாம். ஆள் குறைவை மாத்திரையால் ஈடுசெய்வது தகுமா? 'யாருக்கு, எந்த மருத்துவர் எழுதி, எந்நாள் முதல்?' என்று கேட்டோம். அலுவலக அறையில் குளிர் மிகுந்தது. நாம் விடைபெற்றோம்.

இரண்டாவது, பழைய ஓட்டு வீடு. அரசு மருத்துவமனையில் செவிலியராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு கிறித்தவ அம்மையார் நடத்துவது. பதினான்கு முதியோர், பகலில் நால்வர், இரவில் இருவர் பணியில். அம்மையார் கட்டணம் பற்றிப் பேசவில்லை. ஒரு நோட்டை எடுத்து, "ஐயா என்ன வேலை பார்த்தார்? எத்தனை மணிக்கு எழுவார்? எதற்குக் கோபம் வரும்? வீட்டில் அவரை என்னவென்று அழைப்பீர்கள்? எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார்?" என்று ஒரு மணி நேரம் கேட்டு எழுதினார். உஸ்தாதிடம் நாற்பது ஆண்டு பழகிய நமக்குச் சில வினாக்களுக்கு விடை தெரியவில்லை. மகளிடம் கேட்டுச் சொன்னோம்.

அங்கு நாம் மும்முறை சென்றோம். ஒருமுறையே சொல்லிச் சென்றோம். காலை ஏழு மணிக்குப் போனபோது குளியல் நேரம். நம் மூக்கையே முதற் சாட்சியாகக் கொண்டோம். மூத்திர வாடையுமில்லை, அதை மறைக்கும் வாசனைத் திரவியமுமில்லை. முதியோரின் நகங்களைப் பார்த்தோம், வெட்டியிருந்தன. இரண்டாம் முறை மஃரிபு வேளையில் சென்றோம். பொழுது சாயும் நேரத்தில் இந்நோயாளரின் கலக்கம் மிகும் என்பர். ஒரு மூதாட்டி, "பள்ளிக்கூடம் விட்டாச்சு, பிள்ளை வரவில்லையே" என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். அவருடைய பிள்ளைக்கு அறுபது வயதிருக்கும். பணிப்பெண் அவரை மறிக்கவுமில்லை, திருத்தவுமில்லை. "வாங்க பாட்டி, சேர்ந்தே பார்ப்போம்" என்று கையைப் பற்றி முற்றத்தைச் சுற்றி வந்தார். அம்முற்றம் நடந்தவர் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருமாறு அமைந்திருந்தது. மூன்றாம் முறை இரவு பத்து மணி. கழிப்பறையில் விளக்கு எரிந்தது. பணியாளர் இருவரும் விழித்திருந்தனர்.

இவற்றினும் நம்மைக் கவர்ந்தது வேறொன்று. 'இங்கு யாரும் விழுந்ததுண்டா?' என்று கேட்டோம். முதல் இல்லத்தில் 'ஒருவரும் இல்லை' என்றிருந்தனர். அம்மையாரோ ஒரு பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். முந்தைய மாதம் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும், எந்நேரம், எவ்விடம், பின் என்ன மாற்றினர் என்பதும் அதில் இருந்தன. மாதந்தோறும் எடுத்த உடல் எடையும், படுக்கைப் புண் யாருக்கு உண்டு என்பதும் இருந்தன. திடீரெனக் குழப்பம் மிகுந்தால் நோய் முற்றியது என்று விட்டுவிடாமல், சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ எனப் பார்ப்பதாகவும் சொன்னார். தமக்கு ஐயமானதை ஐயம் என்றே கூறிய அறிவிப்பாளரை நம் இமாம்கள் கூடுதலாக நம்பினர் அல்லவா? நாமும் நம்பினோம்.

குறைகள் இல்லாமலில்லை. மருத்துவர் வாரத்துக்கு ஒருமுறையே வருவார். ஒடிசாவிலிருந்து வந்த பணியாளர் ஒருவருக்குத் தமிழ் நான்கு சொல்லே தெரியும். சொல்லை இழந்துகொண்டிருப்பவரிடம் சொல் அறியாதவர் என்ன பேசுவார்? ஹலால் இறைச்சிக்கு வழியில்லை. மீனும் காய்கறியும் என முடிவாயிற்று. உஸ்தாதைக் குளிப்பாட்ட ஆண் பணியாளரே வேண்டும் என்றோம். அவர் பகலில் மட்டுமே இருப்பார் என்பதால் குளியலை அவருடைய நேரத்துக்கு வைத்துக்கொண்டோம். முன்பணம் எப்போது திரும்பும், மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல நேர்ந்தால் யார் உடன் செல்வது என்பவற்றை எழுத்தில் பெற்றோம். இவ்வாறு உஸ்தாது அவ்வில்லம் சேர்ந்தார்கள்.

அடுத்து வந்ததை நாம் எதிர்பார்க்கவில்லை. அவ்வீட்டுக்குப் பாங்கோசை எட்டாது. மகன் வருந்தி, ஐவேளையும் பாங்கு சொல்லும் கடிகாரம் ஒன்றை அனுப்பினார். அது ஒலிக்குந்தோறும் உஸ்தாது, தாம் இமாமத்துக்குப் பிந்திவிட்டதாகப் பதறி எழுந்து கதவைத் தட்டினார்கள். ஒருமுறை விழுந்தும் போனார்கள். அம்மையார் நம்மை அழைத்துத் தயங்கித் தயங்கி, "உங்கள் மார்க்க விஷயம். நான் சொல்லக் கூடாது" என்றார். பாங்கை நிறுத்தச் சொல்லும் நாவு ஓர் ஆலிமுக்கு எங்ஙனம் எழும்? இரவெல்லாம் எண்ணினோம். உறங்குபவர், சிறு பிள்ளை, அறிவிழந்தவர் ஆகிய மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டது என்ற நபிமொழியை நமக்குக் கற்பித்தவர்களே உஸ்தாதுதான். அவர்கள் மீது இப்போது கடமையில்லை. கடமையை நினைவூட்டும் ஓசை அவர்களுக்கு வாதையாக மட்டுமே எஞ்சியிருந்தது. மறுநாள் சென்று, நம் கையாலேயே அக்கடிகாரத்தை நிறுத்தினோம். கை நடுங்கியது என்பதை மறைப்பானேன்?

இப்போது அவர்களாகத் தொழ விரும்பும்போது, அந்தப் பணியாளர் விரிப்பை விரித்து அருகில் நிற்கிறார். இந்து சமயத்தைச் சேர்ந்த அவ்விளைஞர், தலையில் தொப்பியைச் சரிசெய்து விடுகிறார். உஸ்தாது மூன்றும் தொழுவார்கள், ஏழும் தொழுவார்கள். எண்ணுவதற்கு அங்கு யாருமில்லை; உயர்த்தப்பட்ட எழுதுகோலும் எண்ணவில்லை.

வியாழன்தோறும் நாம் சென்று வருகிறோம். எந்த இல்லமாயினும், அடிக்கடி, நேரம் மாறி மாறி வந்து போகும் உறவினரே அதன் தரத்தைக் காக்கும் காவலர் என்பதை அறிந்துகொண்டோம். சென்ற வாரம் உஸ்தாது நம்மை உற்று நோக்கி, "நீ யாரிடம் ஓதுகிறாய்?" என்றார்கள். "உங்களிடம்தான், ஹஜ்ரத்" என்றோம். "ஒப்பி" என்றார்கள். பத்து வயதுப் பிள்ளையைப் போல் 'ளரப, ளரபா, ளரபூ' என்று தொடங்கினோம். கண்ணில் நீர் மறைக்க, நடுவில் ஒரு வடிவத்தை விட்டுவிட்டோம். உடனே அவர்கள் நம் கையில் மெல்லத் தட்டி, விட்டதை எடுத்துக் கொடுத்தார்கள்.

ஜரீரின் மைந்தர்கள் தந்தையைச் சுற்றித் திரையிட்டார்கள். ஆனால் திரைக்கு அப்பால் தனியே விட்டுவிடவில்லை. வாசக அன்பர்களில் எவருக்கேனும் இச்சோதனை நேர்ந்தால், பளிங்கைப் பாராது பணியாளரைப் பாருங்கள்; பகலில் மட்டுமன்றி இரவிலும் பாருங்கள்; சேர்த்த பின்னும் பாருங்கள். நம் பெரியோர்களுக்கும், நாளை அப்பருவத்தை அடைந்தால் நமக்கும், கண்ணியத்தோடு கைதருவோரை அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.